கல்லுக்கு எதற்குக் குடை

ஆமாம் அக்கா, நோட்டிலிருந்து விழுந்தது அருகம்புல்தான். கண்ணில் எல்லாம் ஒற்றிக்கொள்ள வேண்டாம், இப்படிக் கொடுங்கள். அதை வைத்து நான் பக்தை என்று நீங்களாக ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இது ஆராய்ச்சி நோட்டு. அது ஆராய்ச்சிப் புல்.

சிரிக்காதீர்கள். பஸ் இன்னும் மேலூரே வரவில்லை. நீங்கள் காரைக்குடியில்தானே இறங்குகிறீர்கள்? நேரம் இருக்கிறது. அந்தக் குக்கரை மடியிலிருந்து இறக்கிக் கீழே வையுங்கள், வாஷர் மாற்றிய குக்கரை யாரும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். நான் முழுக்கச் சொல்லி முடிக்கிறேன். அப்புறம் நீங்களே சொல்லுங்கள், நான் பக்தையா என்று. எப்படியும் இதையெல்லாம் பட்டுக்கோட்டையில் போய் என் அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

என் பெயர் இளவெயினி. அப்பா வைத்தது. பெயரைக் கேட்டதுமே வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும். கறுப்புச் சட்டை வீடு. கடைக்காரர் கொடுக்கும் காலண்டரில் சாமி படம் இருந்தால், தேதித் தாளை மட்டும் பிய்த்தெடுத்து வெறும் அட்டையில் ஒட்டி மாட்டுவார் அப்பா. நான் மதுரையில் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். என் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம்தான் முக்கியம். பக்தி என்பது வளர்ப்பில் வருவது. சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து கும்பிட்டவளுக்குத்தான் அது வரும். வெறும் சடங்கைச் செய்வதால் யாருக்கும் வராது. பல் தேய்ப்பது மாதிரிதான் அது. இருபது வருஷம் தேய்த்தாலும் பிரஷ்ஷின் மேல் பாசம் வருமா? வராதில்லையா? அதுதான் என் வாதம்.

இதை நான் சும்மா எழுதி வைத்திருக்கலாம். என் அறைத்தோழி உமையாள் விடவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான், வேதியியல். எங்கள் விடுதியில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு பிள்ளையார். கோயில் எல்லாம் இல்லை. கூரைகூட இல்லை. தும்பிக்கை நுனி உடைந்த சிலை. பின்னமான சிலையைக் கும்பிடக் கூடாது என்று எங்கிருந்தோ எடுத்தவர்கள், போர் போட வந்த லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். உமையாள்தான் காலையில் ஒரு குடம் தண்ணீர், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு விளக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "ஐயோ, தண்ணி ஊத்த ஆளில்லையே" என்று ஒரே அழுகை.

"ஒரு குடம் தண்ணிக்கு இவ்வளவு அழுகையா? நான் ஊத்துறேன்டி" என்றேன்.

"நீயா? உனக்கு நம்பிக்கை இல்லையே."

"தண்ணி கீழ விழுறதுக்கு நம்பிக்கை எதுக்கு? புவியீர்ப்பு போதும்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "சரி, ஊத்து. முதல்ல கை போகட்டும். மனசு பின்னாலயே வரும்."

எனக்கு வந்ததே கோபம். மூன்றாவது அத்தியாயத்தையே ஒரு வரியில் ஊதித் தள்ளுகிறாளே! அங்கேயே பந்தயம் கட்டினோம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். ஒரு வேளை தவறாமல், ஒரு பிழை இல்லாமல் நான் செய்ய வேண்டும். எனக்குள் எதுவும் வரவில்லை என்றால் நான் ஜெயித்தேன், அவள் ஒரு மாதம் என் துணியைத் துவைக்க வேண்டும். வந்துவிட்டால் நான் துவைக்க வேண்டும். அதற்குத்தான் இந்த நோட்டு. பாருங்கள், தேதி, நேரம், தண்ணீர், விளக்கு. கடைசிக் கட்டத்தில் 'உணர்வு'. முதல் நாள், உணர்வு: இல்லை. இரண்டாம் நாள், உணர்வு: இல்லை. ஒன்பதாம் நாள், உணர்வு: இல்லை, கொசு. பதினேழாம் நாள், உணர்வு: இல்லை, இடது காதுக்குப் பின்னால் பாசி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். முப்பதாம் நாள் எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல். உணர்வு: இல்லை, குடம் கனமாக இருந்தது.

காய்ச்சலோடு ஏன் போனேன் என்றா கேட்கிறீர்கள்? ஒரு வேளை தவறக் கூடாது என்பது நிபந்தனை. நேர்மையான சோதனை என்றால் அப்படித்தான் அக்கா.

நாற்பத்தெட்டாம் நாள், உணர்வு: இல்லை. ஜெயித்துவிட்டேன். மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். உமையாள் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மரத்தடிக்கு வந்தாள். பார்த்தாள். குனிந்து மறுபடி பார்த்தாள்.

"என்னடி இது, துளசியா?"

"ஆமா. நீதானே பச்சையா ஏதாவது வைன்னு சொன்ன."

"நாப்பத்தெட்டு நாளுமா?"

"நாப்பத்தெட்டு நாளும். பக்கத்துலயே செடி இருக்கு. வாசனையாவும் இருக்கு."

தலையில் கை வைத்துக்கொண்டு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளையாருக்குத் துளசி ஆகாதுடி! அருகம்புல்தான். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

எனக்குத் தெரியாது அக்கா. எங்கள் வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? துளசி என்று ஒரு பெண் இவரிடம் வந்து, "என்னைக் கட்டிக்கொள்" என்று கேட்டாளாம். இவர் மாட்டேன் என்றாராம். ஆளுக்கொரு சாபம் கொடுத்துக்கொண்டார்களாம். அதனால் சதுர்த்தி ஒரு நாளைத் தவிர மற்ற நாளில் துளசி கூடாதாம். "பிழை இல்லாமன்னு பேசினோம்ல? அப்ப இது சேராது" என்று உமையாள் ஒரே அடியாக அடித்துவிட்டாள். துணி தப்பித்த சந்தோஷம் அவளுக்கு.

அவள் லேப்புக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. காய்ச்சலோடு குடம் தூக்கியது சேராதா? பாசி தேய்த்தது சேராதா? நேரே பிள்ளையார் முன்னால் போய் நின்றேன். "ஏன், நாப்பத்தெட்டு நாள்ல ஒரு நாளாவது பிடிக்கலைன்னு காட்டக் கூடாதா? ஒரு இலையையாவது கீழ தள்ளக் கூடாதா? வாயைத் திறந்து ஒரு பொண்ணு கேட்டுட்டான்னு அவ செடியையே ஒதுக்கி வெப்பியா? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போறது, சாபம் எதுக்கு? இதுதான் உன் நியாயமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, முக்கால் மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனார். செமினாரில்கூட நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

கல்லோடு எதற்குச் சண்டை என்கிறீர்களா? மனதில் இருப்பதைக் கொட்ட எதிரே யாராவது வேண்டும் அல்லவா? அப்போது எதிரே அவர்தான் இருந்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஒன்றாம் நாள் என்று போட்டு மறுபடி ஆரம்பித்தேன். பிழையான சோதனையைத் திரும்பச் செய்வதுதானே முறை? வாலிபால் மைதானத்துக்குப் பின்னால் போய் அருகம்புல் என்று நினைத்துக் கோரையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். உமையாள் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழப் பார்த்தாள். இப்போது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரியும். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும், நுனியில் மூன்றாகப் பிரிந்திருக்கும் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். இரண்டாவது மண்டலமும் முடிந்தது. உணர்வு: இல்லை.

இல்லை, அதோடு விடவில்லை. எந்தச் சோதனையும் மூன்று முறை செய்தால்தான் முடிவு செல்லும். வேதியியல்காரி உமையாளே அப்படித்தான் செய்கிறாள். இன்றைக்கு மூன்றாவது மண்டலத்தில் முப்பத்தொன்று. அவளுக்குக் கால் சரியாகி ரொம்ப நாளாகிறது. "போதும்டி, குடத்தைக் கொடு, என் பிள்ளையார்" என்கிறாள். எப்படிக் கொடுக்க முடியும்? நடுவில் ஆள் மாறினால் சோதனை கெட்டுவிடாதா? அதுவும் தவிர, அவள் அவசரக்காரி. மடமடவென்று தலையில் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவாள். காதுக்குப் பின்னால் பார்க்கவே மாட்டாள். இப்போது நான் ஊருக்குப் போய்த் திரும்பும்வரை மட்டும், வேறு வழியில்லாமல் அவளிடம் விட்டிருக்கிறேன்.

சரி, இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு படிப்பகம் இருக்கிறது. அப்பாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார். முப்பத்திரண்டு வருஷமாகத் தினமும் காலை ஐந்தரைக்குத் திறந்து, கூட்டி, கம்பியில் பேப்பர் மாட்டி, தலைவர் படத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் காப்பியே குடிப்பார். ஆனால் ஆரம்பம் என்ன தெரியுமா? கொள்கை இல்லை. ஐடிஐ முடித்துவிட்டு வேலை விளம்பரம் பார்க்கப் போனாராம். அங்கே இருந்தவர், "ஓசியில பேப்பர் படிக்கிறியே, கூட்டித் தள்ளினா என்ன?" என்று விளக்குமாற்றைக் கொடுத்திருக்கிறார். கூட்டினார். தினமும் கூட்டினார். கூட்டக் கூட்ட அந்த இடம் இவருடையதாகிவிட்டது. படத்தைத் துடைக்கத் துடைக்க, யார் இவர், என்னதான் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துப் படித்திருக்கிறார். அப்புறம்தான் கறுப்புச் சட்டை. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது என்னையா, அம்மாவையா? "படிப்பகம் தொறந்தாச்சா? பேப்பர் மாட்டியாச்சா?" அம்மா தலையிலேயே அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாவம், அவருக்குத் தெரியாமலே பழக்கம் பற்றாகிவிட்டது. கை முன்னால் போய் மனசைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

என்ன, உமையாள் சொன்னதும் அதுதானா? அது அப்பாவுக்கு அக்கா. அவர் அப்போது விவரம் தெரியாத இளைஞர். நான் நோட்டு போட்டு, எழுதி வைத்து, விழிப்போடு செய்கிறேன். எனக்குக் கை மட்டும்தான் போகிறது.

அந்தப் படிப்பகத்தின் ஆண்டு விழா வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது வயதிலிருந்து அந்த மேடையில் நான் பேசுகிறேன். முதல் வருஷம் மைக் எட்டவில்லை, சோடா பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏற்றிவிட்டார் அப்பா. விழா வந்தால் எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே தூக்கம் வராது. கை தட்டுவார்கள் பாருங்கள், அந்தச் சத்தம்! உலகத்தில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்றால் அது அந்த நாலு பலகை மேடைதான். இந்த வருஷம் நோட்டீஸ் அடித்தாயிற்று. 'சடங்குகள் யாருக்காக? உரை: இளவெயினி.'

போன வாரம் மதுரையில் மழை கொட்டியதா? உமையாள் ஜன்னல் வழியாக ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். அது கைமாறிக் கைமாறி அப்பாவோடு இருக்கும் தோழர் ஒருவர் போனுக்குப் போய்விட்டது. அப்பா கூப்பிட்டார்.

"வெயினி, படம் பார்த்தேன்."

நான் தயாராகத்தான் இருந்தேன். ஆராய்ச்சி, மண்டலம், பந்தயம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்டார் பாருங்கள்:

"எல்லாம் சரிம்மா. தினமும் ஒரு குடம் தண்ணி தலையில ஊத்துற கல்லுக்கு, மழையில எதுக்குக் குடை?"

அதுதான் அந்தப் போட்டோ அக்கா. நான் நனைந்துகொண்டு நிற்கிறேன். குடை பிள்ளையார் தலைக்கு மேல்.

நோட்டில் இருக்கிறது, மறைக்கவில்லை. இதோ, மூன்றாவது மண்டலம், இருபத்து மூன்று. 'மழை. குடை பிடித்தேன். உணர்வு: இல்லை.' விளக்கு அணையாமல் இருக்க என்று சொன்னேன். "படம் காலையில எடுத்ததும்மா" என்றார். அப்பாவிடம் வாதத்தில் ஓட்டை விட முடியாது. அவரிடம் கற்றதுதானே எல்லாம்! கோபப்பட்டிருந்தாலாவது ஜெயித்திருப்பேன், மெல்லத்தான் பேசினார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேணாம்மா. மேடையில நிக்கணும்னா அந்தக் குடத்தை இறக்கி வெச்சிட்டு வா. இல்ல, குடம்தான்னா சொல்லிடு, நோட்டீஸ்ல வேற பேரு போட்டுக்கலாம். நேர்ல வந்து சொல்லு" என்று வைத்துவிட்டார்.

ஆறு நாளாக அந்தக் குடைக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பத்துப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். வாசிக்கட்டுமா? ஒன்று, சோதனையில் தண்ணீரின் அளவு ஒரு குடம்தான், மழைநீர் சேர்ந்தால் அளவு மாறிவிடும். இரண்டு, பாசி... என்ன, எதுவும் எடுபடவில்லையா? எனக்கும் தெரிகிறது.

இதோ, பிள்ளையார்பட்டி வந்துவிட்டது. கண்டக்டர் கத்துவதைப் பாருங்கள், இறங்காதவர்களையும் இறக்கிவிடுவார் போல. நீங்கள் குட்டிக்கொள்ளுங்கள் அக்கா, தாராளமாக. என்னைக் கூப்பிடாதீர்கள். நாத்திகம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இவர் பெரிய இடம். தங்கக் கவசம் இருக்கிறது, மலையையே குடைந்து வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இவருக்கு நான் எதற்கு? எங்களுடையதை நீங்கள் பார்த்ததில்லை. தும்பிக்கை உடைந்தது என்று சொந்தக்காரர்களே வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனது. வார்டன் அம்மாகூட, "குப்பையை எரிக்கிற இடத்துக்குத் தள்ளி வைங்க" என்று ஒருமுறை சொன்னார். விடுவேனா? விடுதிச் சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டு நாலு பக்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அப்புறம் பேச்சே இல்லை.

என்ன கேட்டீர்கள்? பத்துப் பதிலையும் விட்டுவிட்டு, ஏன் பிடித்தேன் என்று சொல்ல வேண்டுமா?

...

நனைந்தது அக்கா. அதனால் பிடித்தேன்.

நான் ஊற்றும்போது முன்னால் நின்று பார்த்துப் பார்த்து ஊற்றுவேன். குளிர் நாளில் கொஞ்சம் வெந்நீர்கூடக் கலப்பேன். மழை அப்படியா? சுள்ளென்று முகத்தில் அடித்தது. வேப்பிலை, குச்சி எல்லாம் மேலே விழுந்தன. அறையிலிருந்து பார்த்தேன். கால் ஓடிவிட்டது. அவ்வளவுதான். யோசிக்கவில்லை. இதில் பக்தி எங்கே வந்தது? நனைகிற யாருக்கும் யாரும் செய்வதுதானே!

ஆனால் இதுதான் உண்மையான பதில். இதையேதான் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். 'நனைஞ்சுது, பிடிச்சேன். குடத்தை இறக்க மாட்டேன். வேணும்னா நோட்டீஸ்ல வேற பேரு போட்டுக்குங்க' என்பேன். பிடித்த வேலையை யார் சொன்னாலும் விடாதே என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே! முப்பத்திரண்டு வருஷமாக மழையோ வெயிலோ ஐந்தரைக்குத் திறந்தவரின் மகள் நான். மேடை போனால் போகட்டும். போகாது. போகட்டும், போனால்தான் என்ன? கண்ணில் தூசி அக்கா, ஜன்னலைச் சாத்துங்கள்.

அட, தூசி இல்லை, மழை. இந்தப் பக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மணி என்ன? ஆறா? ஒரு நிமிஷம் இருங்கள்.

"ஏய் உமையா, ஏத்திட்டியா? திரி ரெண்டாப் போட்டியா? அங்க மழையா? எப்பலேருந்து? குடை மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டியிருக்கு பாரு. கையில பிடிச்சிட்டு நிக்க வேணாம், கிளையில சணல் கட்டி வெச்சிருக்கேன், அதுல மாட்டிடு. சாய்ச்சு மாட்டு, வடக்குப் பக்கம்தான் சாரல் அடிக்கும். இல்ல, இப்பவே போ. நான் லைன்லயே இருக்கேன்... மாட்டிட்டியா? காதுக்குப் பின்னால பார்த்தியா? சரி. சரிடி, உன் பிள்ளையார்தான், யார் இல்லைன்னா? வெச்சிடறேன்."

எதற்கு அப்படிச் சிரிக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி? ஓ, அப்பாவைச் சொல்கிறீர்களா? அது வேறு அக்கா. முழுக்க வேறு. சிரிக்காமல் குக்கரைப் பிடியுங்கள், காரைக்குடி வந்துவிட்டது.

இல்லை இல்லை, உங்கள் குடை எனக்கு வேண்டாம். பட்டுக்கோட்டையிலும் மழைதான் இருக்கும், தெரியும். ஆமாம், என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதனால் என்ன? எனக்குக் கால் இருக்கிறது. ஓடிப்போய் ஒரு கடை ஓரமாக ஒதுங்கிக்கொள்வேன். அவர் எங்கே ஓடுவார்?